ரிம்ஃபயர் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்புவது பயனுள்ளதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் .22 (குழலின் அளவு 0.22 அங்குலம்) ரைஃபிளோ பிஸ்டலோ வைத்துப் பயிற்சி செய்பவர்கள், கல்லூரி என்.சி.சி. முகாமில் முதல் முறையாகச் சுட்டுவிட்டு வந்த மாணவர்கள், அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் பயிர்க்காவலுக்கு உரிமம் வைத்திருக்கும் விவசாயிகள் என்று பலரும் ஒரே சந்தேகத்தைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். தோட்டாவை நிரப்பும் செய்முறை இதில் இல்லை. அது ஏன் இல்லை என்பது பதில்களிலேயே விளங்கும்.

ரிம்ஃபயர்னா என்ன சார்? எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரிதானே இருக்கு?

எந்தத் தோட்டாவிலும் நான்கு பகுதிகள் உண்டு: பெரும்பாலும் பித்தளையில் செய்த கூடு, அதற்குள் மருந்து, வாயில் குண்டு, மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர். தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் சின்னப் பொத்தானைப் பதித்ததுபோல் தனி வட்டம் தெரிந்தால் அது சென்டர்ஃபயர். அந்த வட்டம்தான் பிரைமர். அடிப்பக்கம் வெறும் தட்டையாக, தயாரித்தவரின் முத்திரை மட்டும் இருந்தால் அது ரிம்ஃபயர். இதில் பிரைமர் என்று தனிப் பொருள் கிடையாது. கூட்டின் அடி விளிம்பு உள்ளே குழிவாக மடிக்கப்பட்டிருக்கும். பற்றும் மருந்து அந்த மடிப்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அது பொறிந்து, உள்ளே இருக்கும் மருந்து எரிகிறது.

.22 லாங் ரைஃபிள், .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர். ஆகியவை இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமான ரிம்ஃபயர் வகைகள். நம் பக்கத்தில் ரிம்ஃபயர் என்றால் பெரும்பாலும் .22 லாங் ரைஃபிள்தான். 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இந்தத் தோட்டாவுக்கு, 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .22 ஷார்ட் மூத்தது. கீழே வரும் பதில்கள் .22 லாங் ரைஃபிளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

சுட்டு வெளிய விழுற கூடு புதுசு மாதிரி இருக்கு. அதுல திரும்ப மருந்து அடைச்சா என்ன?

கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது புதிதாக இல்லை என்பது தெரியும். வாய் ஓரம் கரிபடிந்திருக்கும். அடி விளிம்பில் ஓரிடத்தில், ஊசியின் வடிவத்துக்கேற்ப, நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு பள்ளம் இருக்கும். அந்த இடத்தில் பித்தளை நசுங்கி மெலிந்துவிட்டது. கூடும் சுட்ட அழுத்தத்தில் சற்று உப்பி, அந்தத் துப்பாக்கியின் அறைக்கு, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்கு, ஏற்ற அளவுக்கு வந்திருக்கும்.

ஆனால் உண்மையான சிக்கல் மடிப்புக்குள் இருக்கிறது. எரிந்துபோன மருந்தின் கசடு மூடிய மடிப்புக்குள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்க, கூட்டின் குறுகிய வாய் வழியாக அடிவரை போய் பக்கவாட்டில் திரும்பியாக வேண்டும். அதன் பிறகு புதிய பற்றுமருந்தைச் சுற்றிலும் சமமாக, இடைவெளி விடாமல் அதே மடிப்புக்குள் செலுத்த வேண்டும். தொழிற்சாலையில் இதை ஈரப்பதமான நிலையில் கூட்டின் அடியில் வைத்து, கூட்டைச் சுழற்றி விளிம்புக்குள் பரவவிட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். ஒரு பக்கம் பரவாமல் விட்டுப்போனால் ஊசி அந்தப் பக்கத்தில் அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. தொழிற்சாலைத் தோட்டாவிலேயே எப்போதாவது இது நேர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்போ முடியவே முடியாதா? வீடியோவுல ஒருத்தர் செஞ்சு காட்டுறாரே.

முடியும், அதை மறுக்கவில்லை. 2012 டிசம்பருக்குப் பிறகு அமெரிக்கக் கடைகளில் .22 தோட்டாவுக்குக் கடும் தட்டுப்பாடு வந்து, அது சில ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில்தான் குண்டு வார்க்கும் அச்சு, கூட்டின் வாயை இறுக்கும் குறடு, பற்றுமருந்து ஆகியவற்றைச் சேர்த்து வீட்டுத் தொகுப்புகளாக விற்பது பரவலாயிற்று. நீங்கள் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அங்கே தனி மனிதர் தம் உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் காணொளிகளை முழுவதும் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். வெடிக்காமல் போனவை, புகைந்து மெல்லிய சத்தத்தோடு நின்றவை, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியில் சிக்கியவை என்று செய்பவர்களே காட்டுகிறார்கள். மெல்லிய சத்தத்தோடு நின்றது சிறிய விஷயமன்று: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும்.

சென்டர்ஃபயர் தோட்டாவை மட்டும் உலகமே திரும்ப நிரப்புது. அது எப்படி?

முதல் பதிலில் சொன்ன அந்தத் தனி வட்டம்தான் காரணம். சுட்டு முடிந்ததும் பழைய பிரைமரைத் தட்டி வெளியே தள்ளி, தொழிற்சாலையில் செய்த புதிய பிரைமரை அதே குழியில் அழுத்திவிடலாம். பற்றுமருந்தை நிரப்புபவர் தம் கையால் தொடுவதே இல்லை. கூட்டின் அடியும் தடிமனாக இருப்பதால் பல முறை தாங்கும்.

ரிம்ஃபயரில் ஊசி நசுக்குவதற்கு ஏதுவாக விளிம்பு மெல்லியதாகவே இருந்தாக வேண்டும். மெல்லியதாக இருப்பதால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. .22 லாங் ரைஃபிளின் உச்ச அழுத்த வரம்பு 24,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு); .308 வின்செஸ்டர் போன்ற சென்டர்ஃபயர் தோட்டாவுக்கு அது 62,000. 1860-இல் வந்த .44 ஹென்றி போன்ற பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள் மறைந்து, சிறிய அளவுகள் மட்டும் நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். செய்ய மலிவு, ஒரு முறை சுட்டால் முடிந்தது என்ற நோக்கத்தோடுதான் ரிம்ஃபயர் இன்றுவரை தயாராகிறது.

ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு மிச்சமாகும்? கணக்கு சொல்லுங்க.

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எடையை வைத்துப் பார்ப்பது நல்லது. .22 லாங் ரைஃபிளின் வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம். கூடு சுமார் 0.65 கிராம் பித்தளை. ஆயிரம் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்தாலும் முக்கால் கிலோ பித்தளைகூடத் தேறாது. சென்டர்ஃபயரை மறுபடி நிரப்புபவருக்குக் கிடைக்கும் லாபமே கனமான பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. இங்கே அந்த லாபத்துக்கு அடிப்படையே இல்லை.

செலவுப் பக்கத்தில் அச்சு, குறடு, ஈயம், மருந்து ஆகியவற்றோடு உங்கள் நேரமும் சேரும். .22 குண்டு கூட்டின் வெளி அளவுக்கே இருக்கும். அதன் அடிப்பாகம் மட்டும் சிறுத்து கூட்டுக்குள் இறங்கும். இத்தகைய குண்டை ஒரே எடையில் வார்த்து, ஒரே இறுக்கத்தில் பொருத்துவது கைக்கு எளிதில் படியாத வேலை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பெட்டிக்கு மேல் நகராது. அந்தப் பெட்டியும் கடைத் தோட்டாவைவிட மோசமாகவே சுடும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அந்த வட்டத்தை நம்பிப் பயிற்சி செய்பவருக்குக் கையால் நிரப்பிய தோட்டா உதவாது. ஆகவே பயனுள்ளதா என்று கேட்டால், சட்டத்தைப் பேசுவதற்கு முன்பே என் பதில் இல்லை என்பதுதான்.

சிவகாசி பக்கத்துலதானே இருக்கு? மருந்து வேலை தெரிஞ்ச ஆளுங்ககிட்ட சொல்லி பிரைமர் மருந்தை மட்டும் வாங்கிக்கலாமே?

இந்தக் கேள்வி வேறு ஊர்களில் எழாது, மதுரையில் எழுகிறது. பட்டாசில் அடைக்கும் மருந்தும், பிரைமரில் இருக்கும் பற்றுமருந்தும் வேறு வேறு. துப்பாக்கி மருந்து தீப்பட்டால் எரியும். பற்றுமருந்துக்குத் தீயே வேண்டாம். தட்டினாலும் உரசினாலும் வெடிப்பதற்கென்றே அது செய்யப்படுகிறது. நவீன பிரைமர்களில் பெரிதும் பயன்படும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற பொருளுக்கு, உலர்ந்த நிலையில், உடலில் சேரும் நிலைமின்சாரப் பொறியே போதும். அதன் தூசியில் ஈயம் இருப்பதால் சுவாசத்துக்கும் கேடு.

உரிமம் பெற்ற பட்டாசு ஆலையில் வேலை செய்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பருத்தி உடை, உள்ளே நுழையுமுன் நிலைமின்சாரத்தை இறக்கும் உலோகத் தகடு, பொறி எழுப்பாத கருவிகள், ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, அறைக்கும் அறைக்கும் இடைவெளி என்று 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வகுத்தவற்றை அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அத்தனைக்குப் பிறகும் அங்கே விபத்து நேர்கிறது என்பதை விருதுநகர் மாவட்டச் செய்திகளைப் படிக்கும் எவரும் அறிவர். அந்த வேலையை மாடி அறையில் மின்விசிறிக்கு அடியில் செய்ய நினைப்பவருக்கு அனுபவசாலிகள் யாரும் மருந்து தர மாட்டார்கள். தருகிறேன் என்பவரிடம் வாங்கக் கூடாது.

தீக்குச்சி மருந்து போதும்னு சொல்றாங்களே?

போதாது. அதுவும் உரசலுக்குப் பற்றும் பொருள்தான் என்பதால், மேலே சொன்ன ஆபத்து அப்படியே இதற்கும் பொருந்தும். தப்பித்தவறி வெடித்தாலும் அதில் உள்ள குளோரேட் எரிந்து உப்பாகக் குழலில் படியும். நம் ஊர் ஐப்பசி மழைக் காற்றில் அந்தக் குழல் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

என்கிட்ட துப்பாக்கி லைசென்ஸ் இருக்கு. என் தோட்டாவை நானே நிரப்பிக்கிட்டா போலீஸுக்கு என்ன வந்துச்சு?

உங்களிடம் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் கேட்கிறது. தயாரிப்பதற்கும் விற்பதற்கும் 5-ஆவது பிரிவு தனி உரிமம் கேட்கிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று தானாக வந்துவிடாது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி வண்டி தயாரிக்கும் ஆலை தொடங்க முடியாதல்லவா?

5-ஆவது பிரிவை மீறித் தயாரிப்பதற்கான தண்டனை 25-ஆவது பிரிவில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை நீளலாம், அபராதமும் உண்டு. இதோடு, வெடிபொருளை உரிமமின்றி வைத்திருப்பதற்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக வரும். வீட்டில் பக்கத்து அறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, ஒரு பெட்டித் தோட்டாவை மிச்சப்படுத்த இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

மருந்து வேண்டாம், கருவியை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டா தப்பா?

ஆயுதச் சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, தோட்டாவின் உதிரிப் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்குகின்றன. வெளிநாட்டு இணையக் கடை அனுப்பிவைக்கும் என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. சுங்கத்தில் பொட்டலம் நின்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எதை வாங்குவதானாலும், உங்களுக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் பெற்ற பிறகு வாங்குங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தை பிறகு சாட்சிக்கு வராது.

எங்க தாத்தா பன்னெண்டு போர் தோட்டாவை வீட்டுத் திண்ணையிலேயே அடைச்சிருக்காரு. இப்ப மட்டும் என்ன புதுச் சட்டம்?

தாத்தா அடைத்தது சென்டர்ஃபயர். பன்னிரண்டு போர் என்பது ரவை சுடும் பெரிய துப்பாக்கி; அதன் தோட்டாவின் அடியில் தனியாக மாற்றக்கூடிய கேப், அதாவது பிரைமர், இருக்கும். அந்தக் காலத்தில் முழுப் பித்தளைக் கூடுகளும் கிடைத்தன. கேப்பை மாற்றி, மருந்தும் அட்டையும் ரவையும் இட்டு அடைப்பது அன்றைய வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வேலை. நாட்டுத் துப்பாக்கிக்குக் குழல் வாய் வழியாகக் கெட்டிப்பதும் அப்படித்தான். அவற்றை வைத்து .22 தோட்டாவை அளக்க முடியாது. மேலே சொன்ன மடிப்பு அந்தத் தோட்டாக்களில் இல்லை.

காலமும் மாறிவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்த வெடியை) கடித்து மாடுகளும் யானைகளும் வாய் சிதைந்து செத்த செய்திகள் வந்த பிறகு, மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் கருமருந்து இருக்கிறது என்றாலே வனத்துறையும் காவல்துறையும் வந்து நிற்கும். தோட்டாவுக்குத்தான் வைத்திருந்தேன் என்ற விளக்கம் அங்கே உங்களைக் காப்பாற்றாது, மேலும் சிக்கவைக்கும்.

காலிக் கூட்டை என்ன பண்றது? பழைய பித்தளைக் கடையில போடலாமா?

என்.சி.சி.யில் சுட்டவர்களுக்கு இதற்கு விடை தெரியும். சுட்டு முடித்ததும் மண்ணில் விழுந்த கூடுகளை மாணவர்களே குனிந்து பொறுக்கி, எண்ணி, கொடுத்த தோட்டாக் கணக்கோடு சரிபார்த்து ஒப்படைத்த பிறகுதான் வரிசை கலையும். துப்பாக்கி கிளப்பிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். வாங்கிய தோட்டாவுக்கும் சுட்ட தோட்டாவுக்கும் கணக்கு எழுதி வைப்பது அடுத்த முறை வாங்கும்போது உதவும். கூட்டைப் பழைய பித்தளைக் கடையில் தனியாகப் போட வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1940-களில், சுட்ட .22 கூடுகளை அழுத்தி வேறு குண்டுகளுக்கு மேலுறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார்; ஆர்.சி.பி.எஸ். என்ற புகழ்பெற்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. காலி .22 கூட்டுக்கு உலகில் கிடைத்த உருப்படியான மறுபயன் அதுதான். கவனியுங்கள், அதுவும் கூட்டைத் திரும்பத் தோட்டாவாக்கும் வேலை அல்ல.

அடிச்சும் வெடிக்காத தோட்டாவைப் பிரிச்சு மருந்தை எடுத்துக்கலாமா?

கூடாது. ஊசி பட்டும் வெடிக்காத தோட்டாவில் பற்றுமருந்து நசுங்கிய நிலையில் உயிரோடு இருக்கிறது. குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது பொறுத்திருந்து, பிறகு அறையைத் திறந்து தோட்டாவை எடுத்து, சுடுகளப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். குறடால் பிடித்துக் குண்டை இழுப்பவர் அந்த விளிம்பைத்தான் பிடித்து இறுக்குகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தோட்டா இல்லாம வெறும் துப்பாக்கியைத் தட்டிப் பழகலாமா?

சென்டர்ஃபயரில் பெரும்பாலும் செய்யலாம். ரிம்ஃபயரில் யோசித்துச் செய்ய வேண்டும். உள்ளே விளிம்பு இல்லாதபோது சில துப்பாக்கிகளின் ஊசி நேராக அறையின் ஓரத்தில் போய் மோதும். நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து தோட்டா ஏறுவதும் இறங்குவதும் கடினமாகும். துப்பாக்கியோடு வந்த கையேடு அனுமதித்தால் தட்டலாம். இல்லையென்றால் இதற்கென்று விற்கும் போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள்.

செலவு தாங்கல சார். வேற என்னதான் வழி?

பயிற்சியைப் பிரித்துக்கொள்வதுதான் நான் கண்ட வழி. நிற்கும் நிலை, மூச்சு, விசை அழுத்தம் ஆகிய மூன்றையும் .177 ஏர் ரைஃபிளில் பழகலாம். குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத, குழல் .177 அங்குல அளவைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் இடம் போதும். பின்புறம் கெட்டியான தடுப்பும், யாரும் குறுக்கே வர முடியாத ஏற்பாடும் கட்டாயம். வீட்டிலேயே நாள்தோறும் இதைச் செய்துவிட்டு, .22 தோட்டாவை வாரக் கடைசியில் களத்தில் மட்டும் செலவழித்தால் ஒரு பெட்டி நீண்ட நாள் வரும். தோட்டாவைக் கிளப் மூலம் மொத்தமாக வாங்குவதும், ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் எதைச் சோதிக்கப் போகிறோம் என்று தீர்மானித்துச் சுடுவதும் மிச்சம் பிடிக்கும்.

வாங்கியதைக் கெடாமல் வைப்பதும் சேமிப்புதான். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டிக்குள்ளோ நிறுத்திய காருக்குள்ளோ தோட்டாவை விட்டால் குண்டின் மேல் பூசிய மெழுகு இளகி, தூசி ஒட்டும். உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரியில் பூட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஒரே கம்பெனி தோட்டாதான், ஆனா ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் குண்டு விழுற இடம் மாறுது. நானே அளந்து நிரப்பினா இது சரியாகாதா?

கேட்பதில் நியாயம் இருக்கிறது. சென்டர்ஃபயரில் போட்டியாளர்கள் அதற்காகவே தாமே நிரப்புகிறார்கள். ரிம்ஃபயரில் வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் விளிம்புக்குள் இருக்கும் பற்றுமருந்தின் அளவும் பரவலும். நம் கைக்கு எட்டாத இடமும் அதுவே. மருந்தையும் குண்டையும் தராசில் நிறுத்துச் சரிசெய்தாலும், மடிப்புக்குள் இருப்பது சமமாக இல்லாதவரை வேகம் ஏறியும் இறங்கியும்தான் வரும்.

போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்கும்படி செய்யப்படுகின்றன. 20 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; நம் ஊரின் 35 டிகிரியில் சுமார் 352. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியைக் கடக்கும் குண்டு தடுமாறும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வீட்டில் நிரப்பிய தோட்டாவில் ஒன்று இந்த எல்லைக்கு மேலும் மற்றொன்று கீழும் போனால், நீங்கள் எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும் தாளில் துளைகள் சிதறும்.

நாம் செய்யக்கூடியது தேர்ந்தெடுப்பது. எலி (Eley), ஆர்.டபிள்யூ.எஸ்., லாப்புவா போன்ற நிறுவனங்களின் போட்டித் தோட்டாப் பெட்டியில் தயாரிப்புத் தொகுதியின் எண் அச்சிட்டிருக்கும். இரண்டு மூன்று தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். எந்தத் தொகுதியில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதே எண்ணில் மீதியை வாங்கி வையுங்கள். உங்கள் நண்பரின் ரைஃபிளுக்கு வேறு எண் பிடிக்கலாம். பொறுமை உள்ளவர்கள் விளிம்பின் தடிமனை அளக்கும் கருவியால் தோட்டாக்களைப் பிரித்து, ஒரே அளவில் உள்ளவற்றைப் போட்டிக்கும் மற்றவற்றைப் பயிற்சிக்கும் ஒதுக்குகிறார்கள். விளிம்பு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் தெரியும். அதை அளக்கும்போது தோட்டாவை மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம்.